டிரெய்ன் பிளக் வாஷர்: தருமபுரிச் சாலையில் ஒரு செம்பு வளையத்தின் வரலாறு

லாரியின் கியர் பாக்ஸ், பின் அச்சிலுள்ள டிஃபரன்ஷியல் ஆகிய இரண்டின் அடியிலும் பழைய எண்ணெயை வடிப்பதற்கென ஒரு திருகாணி உண்டு. இதன் பெயர் டிரெய்ன் பிளக். பட்டறைகளில் டிரெய்ன் போல்ட் என்பர். அதன் தலைக்கும் வார்ப்புக் கூட்டுக்கும் இடையே அமரும் மெல்லிய வளையமே வாஷர் ஆகும். எண்ணெயை மாற்றும்போதெல்லாம் இந்த வளையத்தையும் மாற்ற வேண்டும் என்பது பெரும்பாலான தயாரிப்பாளர்கள் கூறும் விதி. பழையதையே துடைத்துப் போட்டு முடுக்கிவிடுவது பட்டறைகளில் வழக்கமாகக் காணப்படுவது. விதிக்கும் வழக்கத்துக்கும் இடையிலான இந்த இழுபறிக்கு ஒரு வரலாறு உண்டு. லாரிகள் ஓயாது ஓடும் தருமபுரி மாவட்டத்தில் அதைத் தெளிவாகக் காணலாம்.

மாட்டு வண்டியிலிருந்து லாரிக்கு

லாரிக்கு முன் சரக்கு மாட்டு வண்டியில் போயிற்று. வண்டியின் இருசில் சக்கரம் தேயாமலிருக்க, வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்துப் பூசுவார்கள். இதற்கு வண்டி மை என்று பெயர். ஆமணக்கு நன்கு விளைந்த சேலம், தருமபுரிப் பகுதியில் விளக்கெண்ணெய்க்குப் பஞ்சமில்லை. கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தை நகர்த்தி மையிட்டு மீண்டும் பூட்டினால் வேலை முடிந்தது. மை வழிந்து போனால் சக்கரம் கிரீச்சிடும். வண்டிக்காரருக்கு அந்த ஓசையே எச்சரிக்கை.

லாரியில் நிலைமை வேறு. எண்ணெய் மூடிய கூட்டுக்குள் இருக்கிறது. குறைந்தால் வெளியே தெரியாது. ஒலி கேட்கத் தொடங்கும்போது பற்சக்கரமும் பேரிங்கும் பெரும்பாலும் தேய்ந்துவிட்டிருக்கும். எண்ணெய் கூட்டுக்குள் அடைபட்டபோதே அதை வடிக்க ஒரு துளை தேவைப்பட்டது. துளை வந்ததும் அதை அடைக்கும் வளையமும் தேவைப்பட்டது.

1926இல் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் தன் கார்களில் ஹைப்பாய்டு என்னும் பல்லமைப்பைக் கொண்டுவந்தது. இதில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு வழுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தைச் சாதாரண எண்ணெய் தாங்காது. எனவே கந்தகச் சேர்மங்கள் கலந்த கெட்டியான கியர் எண்ணெய்கள் உருவாயின. நம் ஊர்ப் பட்டறைகளில் ‘90 ஆயில்’, ‘140 ஆயில்’ என்று கேட்டு வாங்கும் எண்கள் அந்த எண்ணெய்களின் குழைமத் தரத்தைக் குறிப்பவை. எண் கூடினால் எண்ணெய் கெட்டி.

இரண்டு அளவு முறைகள்

விடுதலைக்குப் பின் இந்தியாவில் லாரித் தொழில் இரு வழிகளில் வளர்ந்தது. 1948இல் சென்னையில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனின் லேலண்டு நிறுவனத்தோடு கைகோத்து 1955இல் அசோக் லேலண்டு ஆனது. டாட்டா நிறுவனமோ 1954இல் ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து ஜம்ஷெட்பூரில் லாரி தயாரித்தது. முன்னதன் மரபு அங்குலம், பின்னதன் மரபு மில்லிமீட்டர். மெட்ரிக் முறை நாடெங்கும் நிலைபெறும் வரை ஒரே பட்டறையில் இரு வகை ஸ்பானர்களும் இரு வகை வாஷர்களும் தேவைப்பட்டன. அளவு பொருந்தாத வாஷரைப் போட்டுக் கசிந்தால் மேலும் முடுக்குவது என்ற பழக்கத்துக்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம் எனக் கருதலாம்.

தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்து 1965 அக்டோபர் 2 அன்று உருவானது. அசோக் லேலண்டின் ஓசூர் ஆலை 1980இல் தொடங்கியபோது ஓசூர் இம்மாவட்டத்தில்தான் இருந்தது. 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தபோது அது அங்கே சென்றது. ஆக, லாரிகளை ஓட்டும் மாவட்டமாக மட்டுமன்றி, கால் நூற்றாண்டுக் காலம் லாரி தயாரிக்கும் மாவட்டமாகவும் தருமபுரி இருந்தது.

செம்பும் நெருப்பும்

வாஷருக்குச் செம்பைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் மென்மை. போல்ட்டை முடுக்கும்போது செம்பு நசுங்கி, இரும்பின் மேலுள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல்களிலும் மேடு பள்ளங்களிலும் படிந்துகொள்ளும். எண்ணெய் கசிய வழி இருக்காது. ஆனால் ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிவிடுகிறது. அடுத்த முறை அது நெகிழ்ந்து கொடுக்காது. பழைய தழும்புகளோடு புதிய இடத்தில் அமரும்போது, அந்தத் தழும்புகளின் வழியே எண்ணெய் சொட்டத் தொடங்கும்.

பாத்திரம் செய்யும் கன்னார்களுக்கு இது பழைய செய்தி. தட்டத் தட்டச் செம்பு இறுகும்; இறுகியதை மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கினால் மீண்டும் இளகும். எஃகைப் போலச் செம்பு திடீரெனக் குளிர்ந்தாலும் இறுகாது என்பதால் தண்ணீரில் போட்டும் ஆற்றலாம். பழைய லாரி மெக்கானிக்குகள் வாஷரைக் கம்பியில் கோத்து, கேஸ் வெல்டிங் தீயில் காட்டி, தண்ணீரில் போட்டு எடுத்துத் திரும்பப் பயன்படுத்தியது இதே அறிவால்தான். உதிரிபாகம் கிடைக்காத காலத்தில் இது சிக்கனம் மட்டுமல்ல, சரியான உலோகவியலும்கூட. தேய்ந்து மெலிந்த வளையத்துக்கு மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது.

எல்லா வாஷரும் செம்பு அல்ல. அலுமினிய வளையம் இன்னும் மென்மையானது. அதைத் தீயில் காட்டினால் நிறம் மாறாமலே உருகிவிடும். எஃகு வளையத்தின் உட்புறம் ரப்பர் ஒட்டிய வகையும் உண்டு. அதில் ரப்பர் கிழிந்தாலோ புடைத்தாலோ வளையம் வீண். சில டிரெய்ன் பிளக்குகள் கூம்பு வடிவ மரையுடன் வரும். அவற்றுக்கு வாஷரே வேண்டாம். எனவே கழற்றிய போல்ட்டைப் பார்க்காமல் வாஷர் வாங்கக் கூடாது.

கசிவை நிறுத்த ஷெல்லாக் தடவுவதும் நூல் சுற்றுவதும் நீண்ட குழாய் கோத்து முடுக்குவதும் கேடு. அலுமினியக் கூடாக இருந்தால் மரை பெயர்ந்துவிடும். பிறகு துளையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்ட வேண்டும். சில ரூபாய் வளையத்தை மிச்சம் பிடித்து ஒரு கூட்டையே கெடுப்பதை எந்தக் கணக்கிலும் சிக்கனம் என்று சொல்ல முடியாது.

தொப்பூர் இறக்கம்

தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை 44 (பழைய எண் 7) தொப்பூர் கணவாய் வழியே இறங்குகிறது. விபத்துகளுக்குப் பேர்போன இடம். 2020 டிசம்பர் 12 அன்று இங்கே நின்றிருந்த வாகனங்கள் மீது ஒரு லாரி மோதியதில் 4 பேர் உயிரிழந்தனர்.

டீசலை மிச்சப்படுத்த இறக்கத்தில் என்ஜினை நிறுத்தி நியூட்ரலில் உருட்டும் பழக்கம் சில ஓட்டுநர்களிடம் உண்டு. என்ஜின் நின்றால் காற்று கம்ப்ரஸரும் நிற்கும். பிரேக்கை மிதிக்க மிதிக்கத் தொட்டியில் காற்று குறையும். இது பலருக்கும் தெரிந்த ஆபத்து. கியர் பாக்ஸுக்குள் நடப்பது அவ்வளவாகத் தெரியாதது. வழக்கமாகக் கீழேயுள்ள லே ஷாஃப்ட் எண்ணெயில் மூழ்கிச் சுழன்று அதை மேலே வாரி இறைக்கும். என்ஜின் நின்று நியூட்ரலில் உருளும்போது லே ஷாஃப்ட் நின்றுவிடுகிறது. சக்கரங்களோடு இணைந்த மெயின் ஷாஃப்ட் மட்டும் எண்ணெய் கிடைக்காமல் வேகமாகச் சுழல்கிறது. பழுதான லாரியை இழுத்துச் செல்லும்போது புரொபெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றச் சொல்வது இதனால்தான். வாஷர் கசிந்து எண்ணெய் மட்டமும் குறைந்திருந்தால், அந்தச் சில கிலோமீட்டர் இறக்கம் பேரிங்குகளுக்குப் பெருஞ்சோதனை.

மாற்றும் முறை

வண்டி ஓடி எண்ணெய் இளஞ்சூடாக இருக்கும்போது, சமதளத்தில் நிறுத்தி வடிக்க வேண்டும். முதலில் திறக்க வேண்டியது மேலேயுள்ள நிரப்பும் போல்ட். எண்ணெயை எல்லாம் வடித்துவிட்டு, நிரப்பும் போல்ட் துருப்பிடித்துக் கழலவில்லை என்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். டிரெய்ன் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதைப் பார்க்க வேண்டும். மை போன்ற நுண்பொடி இயல்பானது. சில்லுகள் இருந்தால் உள்ளே பல் உடைகிறது என்று பொருள். பழைய வாஷர் கூட்டின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. அதைக் கவனிக்காமல் புதியதைப் போட்டால் இரண்டு வளையம் சேர்ந்து கசியும்.

எண்ணெயை நிரப்பும் துளையின் விளிம்பு மட்டம் வரை ஊற்றினால் போதும். மிகுதியாக ஊற்றினாலும், கூட்டின் மேலுள்ள காற்றுத் துளை சேறடைத்து மூடினாலும், டிஃபரன்ஷியல் எண்ணெய் அச்சு வழியாக ஆயில் சீலைத் தாண்டிப் பிரேக் டிரம்முக்குள் இறங்கும். எண்ணெய் பட்ட லைனிங் பிடிக்காது.

வடித்த எண்ணெய் 1989 முதல் அபாயக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. 2024 ஏப்ரல் 1 முதல் அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்வதில் எண்ணெய் உற்பத்தியாளர்களுக்கும் பொறுப்பு வந்துள்ளது.