எது அதிர்கிறது? புதுக்கோட்டைச் சீமையும் இசைக்கருவிப் பகுப்பின் வரலாறும்

கறம்பக்குடியிலிருந்து ஆலங்குடி, வடகாடு பக்கம் போனால் பலாமரங்கள் கூடவே வரும். பழத்துக்குப் பேர்போன மண். அந்தப் பலாவின் கட்டைக்கு இசையுலகில் இன்னொரு கிராக்கி உண்டு. மிருதங்கத்தின் உடல் பலா. தவிலின் உடலும் பலா. கஞ்சிராவின் வளையம் பலா. தஞ்சாவூர் வீணையின் குடமும் தண்டியும் பலா. மரம் ஒன்றுதான். ஆனாலும் இவற்றில் மூன்றைத் தோற்கருவி என்றும் ஒன்றை நரம்புக்கருவி என்றும் நம்மவர்கள் பிரித்தார்கள். மரக்கருவி என்று ஒரு வகையை அவர்கள் வைக்கவே இல்லை.

இந்தப் பிரிவினைக்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. கருவியை எதனால் செய்தார்கள் என்பதல்ல, முதலில் அதிர்வது எது என்பதே அந்தக் கேள்வி. தோல் அதிர்ந்தால் தோற்கருவி. துளைக்குள் அடைபட்ட காற்று அதிர்ந்தால் துளைக்கருவி. முறுக்கிக் கட்டிய நரம்போ கம்பியோ அதிர்ந்தால் நரம்புக்கருவி. கெட்டியான உலோகமே தட்டுப்பட்டு அதிர்ந்தால் கஞ்சக்கருவி. இவற்றோடு மனிதக் குரலையும் மிடற்றுக்கருவி என்று ஐந்தாவதாகச் சேர்த்தது தமிழ் மரபு. வடமொழி நாட்டிய சாத்திரமும் ததம், அவனத்தம், கனம், சுஷிரம் என நான்காகப் பிரித்தது. ஐரோப்பா இதே இடத்துக்கு வந்துசேரப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஆயிற்று. வந்த வழியிலும் இந்தியக் கருவிகள் இருந்தன.

பகுப்புக்கு முன்னால் கருவிகள் இருந்தன. மலைபடுகடாம் தொடக்கத்திலேயே கூத்தர் கூட்டம் பைகளில் கட்டிச் சுமந்துபோகும் கருவிகள் வரிசையாக வருகின்றன. முழவும் ஆகுளியும் பதலையும் அங்கே உண்டு. வெண்கலப் பாண்டில், கொம்பு, தூம்பு, குழல் ஆகியவையும் உண்டு. இன்னது தோல், இன்னது துளை என்று புலவர் தலைப்பிட்டுப் பிரிக்கவில்லை. ஆனால் தோல், துளை, கஞ்சம் ஆகிய மூன்று வகையும் அந்தச் சுமையில் அடங்கிவிடுகின்றன.

கல்லில் பொறித்த சான்றுக்குப் புதுக்கோட்டைச் சீமைக்கே வர வேண்டும். புதுக்கோட்டை நகருக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் குடுமியான்மலை. அங்கே குடைவரைக் கோவிலை ஒட்டிய பாறைச் சரிவில் 38 வரிகளில் ஒரு இசைக் கல்வெட்டு இருக்கிறது. எழுத்து பல்லவ கிரந்தம். காலம் ஏழாம் நூற்றாண்டு எனக் கொள்வது வழக்கம். மத்திமக்கிராமம், சட்ஜகிராமம், கைசிகம் முதலான ஏழு பகுதிகள். ஒவ்வொன்றிலும் சுரங்கள் நான்கு நான்காகக் கோக்கப்பட்டிருக்கின்றன. உருத்திராசாரியரின் சீடனான ஒரு மன்னன் மாணவர் நலனுக்காக இதைச் செய்வித்ததாக முடிவுரை சொல்கிறது. அவன் மகேந்திரவர்மன்தான் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அந்த முடிபை மறுப்பவர்களும் உண்டு. மன்னன் பெயர் கல்வெட்டில் இல்லாதவரை மறுப்புக்கு வலு இருக்கிறது. பி. ஆர். பண்டார்க்கர் பதிப்பித்த பிறகு அறிஞர் உலகின் கண் இதன்மேல் விழுந்தது.

இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அந்த மன்னன் அல்ல, கல்வெட்டின் கடைசியில் தமிழில் உள்ள ஒரு குறிப்பு. இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்று அது சொல்கிறது. எட்டு நரம்புக் கருவிக்கும் ஏழு நரம்புக் கருவிக்கும் என்று பொருள்கொள்வோர் பலர். அருகிலும், திருமயத்திலும், மலையக்கோவிலிலும் பொறிக்கப்பட்டிருக்கும் ‘பரிவாதினி’ என்ற சொல்லும் ஏழு நரம்பு வீணையின் பெயர்தான். ஆக, சுரத்தை எழுதிவைத்தவர் மனத்தில் இருந்தது குரல் மட்டும் அல்ல, விரல் மீட்டும் நரம்பும்தான். நரம்பின் நீளத்தையும் முறுக்கையும் மாற்றினால் சுரம் மாறும். கண்ணால் பார்த்து, கையால் அளந்து, சுரக்கணக்கைச் சோதிக்கக்கூடிய கருவி அந்தக் காலத்தில் வேறு எது?

யாழைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அது நரம்புக்கருவிதான். ஆனால் பொருநராற்றுப்படையும் பெரும்பாணாற்றுப்படையும் வருணிக்கும் யாழில், பத்தர் என்னும் குடத்தின்மேல் தோல் போர்த்தியிருக்கிறது. மெல்லிய நரம்பு தனியே அதிர்ந்தால் பக்கத்தில் இருப்பவனுக்கும் கேட்காது. தள்ளுகிற காற்று அவ்வளவு சொற்பம். அந்த அதிர்வை வாங்கி, அகலமான பரப்பாகக் காற்றில் வீசும் வேலை போர்வைத் தோலுடையது. வீணையில் அதே வேலையைப் பலாப்பலகை செய்கிறது. பிறக்கும் இடம் நரம்பு, பெருகும் இடம் தோல். பெயர் வைத்தவர்கள் பிறக்கும் இடத்தைப் பிடித்தார்கள். இது சாதாரணக் காரியமில்லை. 1947இல் வெளிவந்த விபுலானந்த அடிகளின் யாழ் நூல் இந்த மறைந்த கருவியைக் கணக்கோடு மீட்டெடுக்க முயன்ற பெருநூல்.

சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் முப்பதுக்கும் மேற்பட்ட தோற்கருவிகளை அடுக்குகிறார். பேரிகை, இடக்கை, மத்தளம், திமிலை, குடமுழா, துடி என்று பட்டியல் நீள்கிறது. அங்கேயே இன்னொரு பிரிவும் வருகிறது: அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு, புறப்புறமுழவு என்று. உத்தமம், மத்திமம், அதமம் என்ற தரவரிசை இதற்குள் நுழைந்துவிட்டது. முதல் பகுப்பு ஒலியைக் கேட்டுப் பிறந்தது. இரண்டாவது பகுப்பு யார், எங்கே, எதற்காக அடிக்கிறார்கள் என்று பார்த்துப் பிறந்தது. மத்தளத்தை உள்ளே வைத்துப் பறையை வெளியே நிறுத்திய வேலையைத் தோலின் இயற்பியல் செய்யவில்லை.

அந்த இயற்பியலைத் தெரிந்துகொள்ளத் திருவிழாக் காலத்தில் கறம்பக்குடி வட்டாரத்துக் கோவில் வாசலில் நின்றால் போதும். தப்படிப்பவர்கள் ஆட்டத்துக்கு முன் வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சுவார்கள். சூட்டில் தோலின் ஈரம் போய் விறைப்பு ஏறும். விறைப்பு ஏறினால் சுருதி ஏறும். கஞ்சிராக்காரர் இதற்கு நேர் எதிர். வாசிக்கும் முன் தோலின் உட்புறத்தில் தண்ணீர் தடவி இறக்குவார். மிருதங்கத்தின் வாரைக் கட்டையும் கல்லும் கொண்டு தட்டி ஏற்றுவார்கள். இன்றைய தவிலுக்கு இரும்புக் கம்பியும் மறையும் வந்துவிட்டன. நெருப்பு, நீர், கல், இரும்பு என்று வழிகள் வேறு; மாற்றப்படுவது தோலின் விறைப்பு ஒன்றே.

கஞ்சிரா இந்தச் சீமையின் கொடை. பஜனைகளில் தட்டிய வளையப்பறைக்குக் கச்சேரி மேடையில் இடம் வாங்கித் தந்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. உடும்புத் தோல் போர்த்திய, ஒரு கையில் அடங்கும் வளையம். ஒரே ஒரு துளையில் சலங்கைக் காசுகள். அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை கஞ்சிரா, மிருதங்கம் இரண்டிலும் பேர் வாங்கினார். தொண்டைமான்களின் தலைநகரில் வளர்ந்த இந்தத் தாள மரபு பழனி சுப்பிரமணிய பிள்ளை வரை நீண்டது. இலக்கணக்காரர்களுக்குத்தான் கஞ்சிரா சங்கடம் தந்தது. தோல் அதிர்வதால் தோற்கருவி; காசு குலுங்குவதால் கஞ்சக்கருவி. ஒரே தட்டில் இரண்டு குடும்பமும் பேசுகின்றன.

கடமும் அப்படி ஒரு சிக்கல். மானாமதுரைக் குயவர்கள் தட்டித் தட்டிக் கெட்டியாக்கும் மண் குடம் அது. தோலும் இல்லை, வெண்கலமும் இல்லை. விரலில் தட்டும்போது சுவரே அதிர்ந்து கணீரென்கிறது. வாயில் உள்ளங்கை விழும்போது உள்ளே அடைந்த காற்று அதிர்ந்து கும்மென்கிறது. முதலில் அதிர்வது சுவர் என்பதால், இழவு வீட்டுச் சேகண்டியோடு வகைப்படுத்துவதுதான் சரி, கேட்க எப்படி இருந்தாலும்.

துளைக்கருவியில் மரபு கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது என்று சொல்லலாம். குழலையும் நாகசுரத்தையும் கொம்பையும் ஒரே கூடையில் போட்டது. மூன்றிலும் அதிர்வது உள்ளேயுள்ள காற்றுத்தான். அதைக் கிளப்பிவிடும் முறை மூன்று. குழலில், உதட்டிலிருந்து பாயும் காற்று முத்திரைத் துளையின் விளிம்பில் மோதி உள்ளும் புறமும் மாறி மாறிச் சாய்கிறது. நாகசுரத்தில், காவிரிக் கரையில் வளரும் கொறுக்கைத் தட்டையில் செய்த சீவாளியின் இரண்டு இதழ்களும் மூடித் திறந்து காற்றைத் துண்டு துண்டாக அனுப்புகின்றன. கொம்பிலும் சங்கிலும் ஊதுகிறவரின் உதடே சீவாளி.

குழாயின் வடிவமும் சேர்ந்துதான் குரலைத் தீர்மானிக்கிறது. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் நாகசுரம் மேலே குறுகி, அணசை நோக்கி அகன்று வரும் கூம்பு. கூடுதல் மூச்சுக் கொடுத்தால் சுரம் சரியாக ஒரு ஸ்தாயி மேலே தாவும். திருச்சி ஏ. கே. சி. நடராஜன் கர்நாடக இசைக்கு வசப்படுத்திய கிளாரினெட்டும் சீவாளிக் கருவியே. ஆனால் அதன் குழாய் பெரும்பாலும் ஒரே விட்டம். ஆகவே அது ஸ்தாயிக்குத் தாவாமல், அதற்கும் மேலே மேல் பஞ்சமத்துக்குத் தாவுகிறது. விரல் போடும் கணக்கே இதனால் மாறிவிடும். குழாய் நீண்டால் சுருதி இறங்கும் என்பதும் இதே கணக்கு. குட்டையான, உச்சக் குரல் திமிரியிலிருந்து டி. என். ராஜரத்தினம் பிள்ளையும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியும் நீண்ட பாரி நாகசுரத்துக்கு நகர்ந்தது இப்படித்தான். 2022இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நரம்பு, காற்று, தட்டல் என்று மூன்றே பிரிவு. காற்றுக் கருவிகளுக்குள் மரம், பித்தளை என்று வேறு பிரித்தார்கள். வெள்ளியில் செய்த புல்லாங்குழலும் அங்கே ‘மரக் காற்றுக் கருவி’தான், வேடிக்கையான ஏற்பாடு. 1876இல் கல்கத்தாவின் சௌரீந்திர மோகன் தாகூர் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டுக்கு நூறு அளவில் இந்திய இசைக்கருவிகளை அனுப்பிவைத்தார். அவை பிரஸ்ஸல்ஸ் இசைப்பள்ளி அருங்காட்சியகத்துக்குப் போயின. அதன் பொறுப்பாளர் விக்தோர் மாயோன் 1880இல் வெளியிட்ட அட்டவணையில் கருவிகள் நான்கு வகையாக நின்றன: தானே அதிர்வன, தோல் அதிர்வன, நரம்பு அதிர்வன, காற்று அதிர்வன. தாகூரின் எழுத்திலிருந்த பழைய இந்தியப் பகுப்பு இதற்குத் தூண்டுகோலாக இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1914இல் எரிக் ஹார்ன்பாஸ்டலும் கர்ட் சாக்ஸும் அதை விரித்து எண்முறை கொடுத்தார்கள். உலக அருங்காட்சியகங்கள் இன்றும் பின்பற்றுவது அதைத்தான். குழல், நாகசுரம், கொம்பு மூன்றும் அதில் தனித்தனியே பிரிந்தன. மிடற்றுக்கு மட்டும் அங்கே இடமில்லை.

இன்னது அதிர்கிறது என்று பெயரிட்டாயிற்று. எப்படி அதிர்கிறது என்ற கேள்வியைத் திருச்சியில் 1888இல் பிறந்த ஒருவர் எடுத்துக்கொண்டார். சாதாரணப் பறையின் வட்டத் தோல் ஒரே நேரத்தில் பல விதமாக அதிரும். அடிச்சுரத்தை 1 என்றால் மேலெழும் சுரங்கள் 1.59, 2.14, 2.30 என்று கணக்குக்கு அடங்காமல் போகும். ஆகவே பறை முழங்கும், சுரம் சொல்லாது. மிருதங்கம் சொல்கிறது. காரணம், வலந்தலையின் நடுவிலுள்ள கறுப்புக் கரணை. இரும்புச் சத்துள்ள கல்லைப் பொடித்துச் சோற்றோடு குழைத்து, படலம் படலமாகப் பூசித் தேய்ப்பது அது. நடுவில் ஏறிய இந்த எடை மேல்சுரங்களை இழுத்துவந்து 1, 2, 3, 4, 5 என்று வரிசையில் நிறுத்துகிறது. சி. வி. ராமன் 1920இல் சிவகாளி குமாருடன் இதை நேச்சர் இதழில் எழுதினார். 1934இல் விரிவாக எழுதியபோது, தோலின்மேல் மணல் தூவி, ஒன்பது வித அதிர்வுகள் ஐந்து சுரங்களுக்குள் அடங்குவதைக் காட்டினார். இடையில் 1921இல் வீணை, தம்புராவின் குதிரையையும் ஆராய்ந்தார். நரம்பைத் தொட்டு மீட்டும் புள்ளியில் அசையாமல் நிற்க வேண்டிய மேல்சுரங்கள் எழக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. நம் குதிரையின் தட்டையான, லேசாக வளைந்த முதுகில் நரம்பு உரசிப் போவதால் அவையும் எழுகின்றன. தம்புராவின் ரீங்காரம் அந்த விதிமீறல்தான்.

கரணை பூசியவர்கள் பின்னக் கணக்குப் போடவில்லை. காது சொன்னதைக் கை செய்தது. தலைமுறைகளின் தேய்ப்பில் வந்த அந்தக் கணக்கை ராமன் எழுதிக் காட்டினார். அந்தத் தொழிலாளிகளின் பெயர்கள் அவருடைய கட்டுரையில் இல்லை, கல்வெட்டிலும் இல்லை.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைக் காத்தது. கஞ்சிராவுக்கு ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் வந்தன. செயற்கைத் தோலுக்குத் தண்ணீர் வேண்டாம். ஒத்து ஊதியவர் இருந்த இடத்தில் சுருதிப்பெட்டி வந்தது. பிறகு மின்தம்புரா வந்தது. சாக்ஸ் 1940இல் மின்னொலிக் கருவிகளுக்கு ஐந்தாவது வகுப்பைத் திறந்துவைத்தார். கறம்பக்குடியில் இப்போது நாகசுரமும் தவிலும் தெருவுக்கு வருவதற்கு முன் ஒலிபெருக்கிப் பெட்டிகள் வந்து இறங்குகின்றன. அவற்றின் உள்ளே காற்றைத் தள்ளுவது ஓரம் கட்டிய ஒரு காகிதக் கூம்பு. பழைய இலக்கணப்படி பார்த்தால் அதுவும் யாழின் போர்வைத் தோலைப் போல ஒலி பெருகும் இடம்தான்.