1973-ல் முடியாத போர்

வரலாற்று நூல்களில் ஒவ்வொரு போருக்கும் இரண்டு தேதிகள் உண்டு. ஒன்று, முதல் குண்டு விழுந்த நாள். மற்றொன்று, ஒப்பந்தத்தில் கையெழுத்தான நாள். படை நடத்தியவர்களுக்கு இந்தக் கணக்கு சரியாக வரும். குண்டு விழுந்த மண்ணைக் கொத்திப் பிழைப்பவர்களுக்கு வராது. லாவோஸில் 1964-ல் தொடங்கிய அமெரிக்கக் குண்டுவீச்சு 1973-ல் நின்றது. அதற்குப் பிறகு, வெடிக்காமல் கிடந்த குண்டுகளால் செத்தவர்களும் கைகால் இழந்தவர்களும் 20,000 பேருக்கு மேல். அவர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் சிறுவர் சிறுமியர். இவர்களை ‘விபத்து’ என்ற தலைப்பில் சேர்த்துவிடுவதுதான் வழக்கம். போரில் அடிபட்டவர்களின் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பதே என் வாதம். சேர்த்தால், அந்தப் போரைப் பற்றிய தீர்ப்பே மாறும்.

1962-ல் ஜெனீவாவில் 14 நாடுகள் கூடி லாவோஸின் நடுநிலைமையை மதிப்பதாகக் கையெழுத்திட்டன. இந்தியாவும் அவற்றில் ஒன்று. கண்காணிப்பு ஆணையத்துக்குத் தலைமை தாங்கியதும் நாம்தான். உறுதிமொழியைக் காற்றில் விட்டது அமெரிக்கா மட்டுமல்ல. தெற்கு வியட்நாமுக்குப் படையும் தளவாடமும் கொண்டுசெல்ல, வட வியட்நாம் லாவோஸ் மண்ணிலேயே ஹோ சி மின் பாதையை நடத்தியது. அமெரிக்காவோ வெளிப்படையாகத் தரைப்படையை இறக்காமல், சிஐஏ மூலம் ஹ்மொங் மலைமக்களைத் திரட்டியது. மீதி வேலையை விமானங்களிடம் விட்டது. ஒன்பது ஆண்டுகளில் விமானங்கள் 5,80,000 தடவை பறந்து, 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டுகளைக் கொட்டின. சராசரியாக எட்டு நிமிடத்துக்கு ஒரு விமானம், இரவும் பகலும். இதன் முழு அளவு அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே நெடுநாள் தெரியாது. வடக்கே ஜாடிச் சமவெளியில் மக்கள் பகலெல்லாம் குகைகளிலும் குழிகளிலும் பதுங்கி, இருட்டிய பிறகே வயலில் இறங்கினார்கள். குகையும் காப்பாற்றவில்லை. 1968 நவம்பர் 24 அன்று தாம் பியூ குகைக்குள் ராக்கெட் பாய்ந்ததில் 374 பேர் இறந்தார்கள் என்பது லாவோஸ் தரப்புக் கணக்கு.

கொட்டியவற்றில் பெரும் பகுதி கொத்துக் குண்டுகள். ஒரு பெரிய உறை நடுவானில் திறந்துகொள்ள, அதிலிருந்து நூற்றுக்கணக்கான சிறு குண்டுகள் சிதறும். லாவோஸில் இவற்றின் பெயர் ‘பாம்பி’. பலவும் டென்னிஸ் பந்து அளவுதான். ஒவ்வொன்றின் ஓட்டிலும் எஃகு மணிகள் பதித்திருக்கும். கான்கிரீட் அரணை இது உடைக்காது, மனித உடலைத்தான் துளைக்கும். இப்படி விழுந்தவை 27 கோடி; அவற்றில் சுமார் 8 கோடி வெடிக்கவில்லை என்பது மதிப்பீடு. மழையும் மண்ணரிப்பும் அவற்றைப் புதைத்தன, மறுபடி மேலே கொண்டுவந்தன. பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன பெத்தாங் என்ற உலோகப் பந்து விளையாட்டு அங்கே பட்டிதொட்டியெல்லாம் நடக்கிறது. 2017 மார்ச்சில் சியங் குவாங் மாகாணத்தில், பத்து வயதுச் சிறுமி ஒருத்தி வழியில் கிடந்த பாம்பியை விளையாட்டுப் பந்தென்று எண்ணி வீட்டுக்கு எடுத்து வந்தாள். அது வெடித்து அவள் இறந்தாள். சுற்றியிருந்தவர்கள் பலர் காயமடைந்தனர். அவள் பிறக்கும் முன்பே போர் முடிந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

என் வாதத்துக்கு இரண்டு மறுப்புகள் சொல்வார்கள். முதலாவது, இலக்கு எதிரிப் படைதான், குழந்தைகள் அல்லவே என்பது. நோக்கத்தைப் பற்றிய இந்த வாதத்தை அப்படியே ஒப்புக்கொள்வோம். ஆனால் ஜாடிச் சமவெளி, ஹோ சி மின் பாதையிலிருந்து விலகி வடக்கே இருக்கிறது. வட வியட்நாம் மீதான குண்டுவீச்சு 1968 நவம்பரில் நிறுத்தப்பட்டதும், வேலையின்றி நின்ற விமானங்கள் லாவோஸ் பக்கம் திருப்பி விடப்பட்டன. மேலும், பரந்த நிலத்தில் சிதறி, ஒரு பங்கு வெடிக்காமல் கிடக்கும் ஆயுதம், யார் தொடுவார் என்று பார்த்து வெடிப்பதில்லை. தெரிந்தே அதைக் கையிலெடுப்பவர் நோக்கத்தைக் காட்டித் தப்ப முடியாது.

இரண்டாவது மறுப்பு, எச்சரித்த பிறகும் பழைய இரும்புக்காக மக்களே தோண்டுகிறார்களே என்பது. தோண்டுகிறார்கள், உண்மைதான். கிலோவுக்குக் காசு கிடைக்கும் என்றால் வறுமை தோண்டத்தான் சொல்லும். ஆனால் நெல் விதைக்க மண்ணைக் கொத்தியவரும், குளிர்காய வெட்டவெளியில் தீ மூட்டியவரும், அடியில் புதைந்திருந்த பாம்பியால் செத்திருக்கிறார்கள். விதைக்காதே, தீ மூட்டாதே என்று ஓர் ஊரைப் பார்த்துச் சொல்ல முடியுமா? நிலத்தைச் சுத்தம் செய்வதும் லேசான காரியமல்ல. கயிறு கட்டிக் கோடு கோடாகப் பிரித்து, கருவியை அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டும். சத்தம் வந்த இடத்தில் இருப்பது ஆணியா, தகரமா, குண்டா என்று தெரியாது. பக்கவாட்டிலிருந்து சிறு கரண்டியால் மண்ணை விலக்கித்தான் பார்க்க வேண்டும். குண்டென்றால் பெரும்பாலும் அங்கேயே வெடிவைத்து அழிப்பார்கள். 1990-களில் தொடங்கிய இந்த வேலை இன்னும் பல பத்தாண்டுகள் நீளும்.

புதிய கொத்துக் குண்டுகளில் பழுது குறைவு என்று தயாரிப்பாளர்கள் சொல்லலாம். வெடிக்காதவை வெறும் 2 விழுக்காடு என்றே கொள்வோம். லாவோஸில் விழுந்த எண்ணிக்கைக்கு அது 54 லட்சம். கொட்டும் அளவு பெரிதானால், விழுக்காடு குறைவது ஆறுதலாகாது.

2008-ல் ஆஸ்லோவில் கையெழுத்தாகி, 2010 ஆகஸ்ட் 1-ல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை இந்த ஆயுதத்தை அடியோடு தடை செய்கிறது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா எதுவும் அதில் சேரவில்லை. 2023-ல் அமெரிக்கா இதே வகை ஆயுதத்தை உக்ரைனுக்கு அனுப்பியது. 2025-ல் லித்துவேனியா உடன்படிக்கையை விட்டே வெளியேறியது. உடன்படிக்கையிலும் ஒரு பெரிய குறை இருக்கிறது. சுத்தம் செய்யும் கடமை, குண்டு கிடக்கும் நாட்டின் தலையில் விழுகிறது. போட்ட நாடு உதவ வேண்டும் என்ற அழுத்தமான ஊக்குவிப்பு உண்டே தவிர, கட்டாயம் இல்லை. 2016-ல் லாவோஸ் சென்ற ஒபாமா மூன்றாண்டுகளுக்கு 9 கோடி டாலர் அறிவித்தார். அதை வரவேற்கலாம், ஆனால் அது கொடை. போட்டவர் கொடையாளியாகவும், பொறுக்குபவர் கடமைப்பட்டவராகவும் இருக்கும் வரை, கொத்துக் குண்டு மலிவான ஆயுதமாகவே தெரியும். 1973-க்குப் பின் அடிபட்ட இருபதாயிரம் பேரையும் போர்க் கணக்கில் ஏற்றினால்தான் அதன் உண்மையான விலை, அதை வாங்கும் அரசுகளுக்கு உறைக்கும்.