ட்ரெஸ்கோதிக்குக்கு வந்த 'வைரஸ்'



வருகிற வெள்ளி எங்கள் விளையாட்டுக் கழகத்தின் பொதுக்கூட்டம். புதிய ஜேர்சி, மின்னொளி, சுற்றுப்போட்டி எல்லாம் பேசப்படும். அதற்கு முன் ஒரு பழைய கிரிக்கெட் கதை. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

2001 பெப்ரவரி, காலி மைதானம். மாவன் அத்தப்பத்து ஆட்டமிழக்காமல் 201. நாங்கள் இன்னிங்ஸால் வென்றோம். அந்த மகிழ்ச்சியில், எதிரணியில் முரளியைச் சமாளித்து 122 ஓட்டங்கள் எடுத்தவரை நாம் மறந்துவிட்டோம். அவர் இங்கிலாந்தின் இடதுகை ஆரம்பத் துடுப்பாட்ட வீரர் மார்கஸ் ட்ரெஸ்கோதிக். அதுதான் அவரது முதல் டெஸ்ட் சதம்.

ஐந்து வருடம் கழித்து, 2006இல் இந்தியச் சுற்றுப்பயணத்தில் முதல் டெஸ்ட் தொடங்கு முன்னரே அவர் வீடு திரும்பினார். குடும்பக் காரணம் என்றார்கள். பிறகு தொலைக்காட்சியில் அவரே வைரஸ் காய்ச்சல் என்றார். இரண்டும் உண்மையான காரணம் அல்ல. உறக்கமில்லை, பயம், அழுகை. அதற்குப் பெயர் மனச்சோர்வு. அவரது இடத்தில் இறங்கிய 21 வயது அலஸ்டெயார் குக் முதல் டெஸ்ட்டிலேயே சதமடித்தார். கிரிக்கெட் அப்படித்தான், இடம் காலியாக இருக்காது.

அதே வருட இறுதியில் ஆஸ்திரேலியாவில் இருந்தும் பாதியில் திரும்பினார். 2008இல் சர்வதேச கிரிக்கெட்டுக்கு விடைகொடுத்து, அந்த வைரஸ் கதை பொய் என்று தன் சுயசரிதையில் எழுதினார். பந்துக்குப் பயப்படாத மனிதர், ஒரு நோயின் பெயரைச் சொல்ல இரண்டு வருடம் எடுத்தார்!

எனக்குப் பெரிதாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. அவரது ஊர்க் கழகம் சமர்செட் அவரை விட்டுவிடவில்லை. 2009இல் அவர்களுடன் இந்தியா போய் அங்கிருந்தும் இடையில் திரும்பினார். நம்மூரில் என்றால் "இவர் சரிவரமாட்டார்" என்று முடித்திருப்போம். அவர்கள் அடுத்த பருவத்துக்கு அவரையே தலைவராக்கினார்கள். 2015 வரை தலைவராகவும் 2019 வரை வீரராகவும் இருந்தார்.

அதே 2019, ஒக்டோபர் 27, அடிலெய்ட். எங்கள் கசுன் ராஜித நான்கு ஓவரில் 75 கொடுத்த அந்தப் போட்டி நினைவிருக்கும். க்ளென் மெக்ஸ்வெல் 28 பந்தில் 62 அடித்தார். நான்கு நாளில், மனநலக் காரணத்தால் ஓய்வு என்று பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. வைரஸ் என்று யாரும் சொல்லவில்லை. அப்போது ஆஸ்திரேலியப் பயிற்றுவிப்பாளர் ஜஸ்டின் லாங்கர். ட்ரெஸ்கோதிக்குக்கு முன் சமர்செட்டின் தலைவராக இருந்தவரும் அவரேதான். ஆனால் யாரிடமாவது பேசுங்கள் என்று மெக்ஸ்வெலிடம் முதலில் சொன்னது பயிற்றுவிப்பாளர் அல்ல, அவரது துணைவி. சிரித்துச் சிரித்து சிக்ஸர் அடிப்பவரின் முகத்தை வீட்டில் உள்ளவர்தான் வாசித்திருக்கிறார்.

இப்போது என் கதை. சில வருடங்களுக்கு முன், நான் பொறுப்பில் இருந்த ஓர் அணியில் ஒரு தம்பி மூன்று கிழமை பயிற்சிக்கு வரவில்லை. போனும் எடுக்கவில்லை. வாட்ஸ்அப் குழுமத்தில் "பெரிய ஆளாகிட்டார்", "பேரை வெட்டுங்க சேர்" என்று பதிவுகள். நானும் வெட்டினேன். அவன் வீடு மைதானத்தில் இருந்து நடந்தால் ஐந்து நிமிடம்தான். அந்த நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு எப்படிக் கிடந்தான் என்பதைப் பின்னர் ஒரு நாள் அவனே சொன்னான். குழுமத்தில் வந்த ஒவ்வொரு பதிவையும் வாசித்திருக்கிறான். ஒரு பதிவு என்னுடையது.

ஆகவே வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி நிரலில் ஒரு விடயத்தைச் சேர்க்கும்படி செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். ஒருவர் தொடர்ந்து மூன்று பயிற்சிக்கு வராவிட்டால், பெயரை வெட்டுவதற்கு முன் கழகத்தில் இருந்து ஒருவர் அவரது வீட்டுக்குப் போக வேண்டும். போன் அல்ல, நேரில். "எப்ப விளையாட வாறாய்" என்று கேட்கத் தேவையில்லை, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்தாலும் போதும். நாம் வைத்தியர்கள் அல்ல. நிலைமை பாரமாகத் தெரிந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது, அதைக் கழக அறையின் சுவரில் பெரிதாக எழுதுவோம்.

கூட்டம் மஃரிபுக்குப் பிறகு. முதல் வீட்டுக்கு நான் போகிறேன். கூட வர ஒருவர் கொமெண்டில் பெயரைப் போடுங்கள்.