சனா மக்கீயும் திருநெல்வேலி நிலாவாரையும்

அத்திப்பட்டில் நம் மக்கள் சிலர், நபிவழி மருந்து என்ற நல்லெண்ணத்தில் நிலாவாரைப் பொடியை அன்றாடம் உட்கொள்வதைக் காண்கிறோம். எனவே அதன் வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

அரபியில் இதன் பெயர் சனா. மலமிளக்க எதைப் பயன்படுத்துகிறீர் என அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். அவர் ஷுப்ரும் என்னும் செடியைக் கூற, அது கடும் சூடுடையது என்றார்கள். பின்னர் அவர் சனாவுக்கு மாறினார். நபியவர்கள் அதைச் சிறப்பித்துக் கூறினார்கள். இச்செய்தி திர்மிதீயில் பதிவாகியுள்ளது. கடுமையானதை விடுத்து இதமானதைத் தேர்ந்தமையே இதிலுள்ள படிப்பினை.

அரபு மருத்துவர்கள் வாயிலாகச் சனா ஐரோப்பாவை அடைந்தது. பல்லாண்டு வாழும் இச்செடி, 19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையில் பயிராகி, தூத்துக்குடியில் கப்பலேறி, ‘டின்னவெல்லி சென்னா’ என உலகச் சந்தையில் பெயர் பெற்றது.

இலையிலுள்ள சென்னோசைடு பெருங்குடலைத் தூண்டி, 6 முதல் 12 மணி நேரத்தில் பலன் தருகிறது. ஆயினும் வாரக்கணக்கில் தொடர்ந்தால் உடலில் பொட்டாசியம் குறைந்து, இதயத் துடிப்பும் பாதிக்கப்படலாம். குடலடைப்பு உள்ளோர் இதை அறவே தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் மருத்துவரைக் கேளாமல் கொடுத்தலாகாது.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். மருந்தையும் அளவறிந்தே உண்போமாக.