ஒரே போட்டோ... ரெண்டு ரியாக்‌ஷன்! மியூசிக் பத்திரிகை அட்டைகளின் சைக்காலஜி

2013-ல் வைரலான ஒரு செல்ஃபி. கலைந்த சுருட்டை முடி, நேராக கேமராவைப் பார்க்கும் கண்கள். பார்த்தா ஏதோ பேண்ட் பாடகர் மாதிரி இருப்பார். ஆனா, அது ஜோகர் சார்னயேவ். 3 பேர் இறந்த பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பில் கைதானவர்.

மே மாதம் 'நியூயார்க் டைம்ஸ்' அந்த செல்ஃபியை முதல் பக்கத்தில் போட்டது. பெரிசா யாரும் சண்டைக்கு வரலை. ஜூலையில் 'ரோலிங் ஸ்டோன்' அதையே அட்டையில் வெச்சதும் அமெரிக்காவே கொதிச்சிடுச்சு. சி.வி.எஸ், வால்கிரீன்ஸ் மாதிரியான பெரிய கடைகள் 'இந்த இதழை விற்க மாட்டோம்'னு சொல்லிட்டாங்க. இத்தனைக்கும் அட்டையில் இருந்த வரியே அவரை 'அரக்கன்'னுதான் சொல்லுச்சு. யார் படிச்சா? எல்லோரும் பார்த்தது முகத்தை மட்டும்தான்.

போட்டோ ஒண்ணுதான். இடம்தான் வேற. 1967 நவம்பரில் வந்த முதல் இதழில், ராணுவ ஹெல்மெட் மாட்டிய ஜான் லெனனோடு ஆரம்பிச்சது ரோலிங் ஸ்டோன். 'இந்த அட்டையில வந்தா நீ ஸ்டார்' என்பதை வாசகர்கள் மனசுல பதிய வெச்ச பத்திரிகை அது. அந்த அட்டையில் வர முடியலையேனு 'டாக்டர் ஹூக்' குழு கிண்டலா ஒரு பாட்டே போட்டாங்க. 1973-ல் ஆசை நிறைவேறுச்சு. ஆனா, அட்டையில் குழுவோட பேரைப் போடாம, 'பேரு என்னமோ சொல்வாங்களே, அவங்க'ங்கிற மாதிரி கலாய்ச்சு விட்டாங்க!

இந்த அந்தஸ்தை டிசைன்தான் உருவாக்குது. பத்திரிகைப் பெயரின் எழுத்துகளையே மறைச்சுக்கிட்டு நிற்கும் தலையை கவனிச்சிருக்கீங்களா? 'எங்க பேரு பாதி தெரிஞ்சாலே போதும், உனக்குத் தெரியும்'ங்கிற கெத்து அது. கடை ஸ்டாண்டில் இதழ்கள் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கியிருக்கும். பலநேரம் இடது ஓரம் மட்டும்தான் கண்ணுக்குப் படும். அதனால முக்கியமான வரிகளை அந்தப் பக்கமே ஒதுக்குவாங்க.

ஆள் யாருன்னு பார்த்துத்தான் வலையும் வீசுவாங்க. பிரிட்டனின் 'கெராங்!' ஹெவி மெட்டல் ரசிகர்களுக்கானது. உடைஞ்ச கண்ணாடி மாதிரி லோகோ, உள்ளே போஸ்டர்கள். 'க்யூ' பத்திரிகைக்கு சிவப்புக் கட்டத்துக்குள் ஒரே ஒரு வெள்ளை எழுத்துதான். சி.டி வாங்கக் காசு வெச்சிருக்கும் கொஞ்சம் வயசான ரசிகருக்கு அது போதும். 'என்.எம்.இ' 1995 ஆகஸ்ட்டில் இன்னும் ஒரு படி மேல போச்சு. பிளர், ஓயாசிஸ் ரெண்டு குழுவும் ஒரே நாளில் பாட்டு ரிலீஸ் பண்ண, ரெண்டு பாடகர்களையும் குத்துச்சண்டை போஸ்டர் மாதிரி அட்டையில் மோதவிட்டாங்க. நம்ம ஊர் தல-தளபதி ஃபேன் ஃபைட்டேதான். 'நீ எந்தப் பக்கம்?'னு கேட்டா கையை நீட்டத்தானே செய்வோம்!

ஆனா, என்னைக் கேட்டா பெஸ்ட் அட்டை, விற்கவே முயற்சி பண்ணாத ஒண்ணுதான். 1980 டிசம்பர் 8. ஆனி லீபோவிட்ஸ் போட்டோ எடுக்க வந்தார். பத்திரிகை கேட்டது லெனனை மட்டும். லெனனோ, மனைவி யோகோ ஓனோவும் இருக்கணும்னு பிடிவாதம் பிடிச்சார். கறுப்பு உடையில் படுத்திருந்த யோகோவை, உடையில்லாமல் ஒரு குழந்தை மாதிரி சுருண்டு கட்டிக்கிட்டார். சில மணி நேரத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். 1981 ஜனவரி 22 இதழில் அந்தப் படம் வந்தப்போ, அட்டையில் தலைப்பு வரின்னு ஒண்ணுகூட இல்லை. லெனன் நம்மைப் பார்க்கவும் இல்லை. கண்ணை மூடி யோகோவின் கன்னத்தில் முத்தமிட்டிருப்பார். நேராகப் பார்க்கும் கண், கூவி அழைக்கும் வரி என எல்லா ஃபார்முலாவும் அங்கே காலி. 40 வருஷத்தின் சிறந்த அட்டைன்னு அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர்கள் சங்கம் 2005-ல் தேர்வு செஞ்சது இதைத்தான்.

'கார்ப்பரேட் பத்திரிகைகள் இன்னமும் மட்டம்தான்'னு எழுதின டி-ஷர்ட்டோட 1992-ல் இதே அட்டைக்கு போஸ் கொடுத்தார் கர்ட் கோபைன். அப்படியே அச்சடிச்சாங்க. திட்டு வாங்கியும் 'கூல்' பேர் வாங்கினது பத்திரிகைதான். பலே ஆளுங்க!

2018-ல் என்.எம்.இ வார இதழின் அச்சு நின்னுடுச்சு. 2020-ல் க்யூ மூடப்பட்டது. ஆனாலும் 2021-ல் பி.டி.எஸ் ரோலிங் ஸ்டோன் அட்டையில் வந்தப்போ ரசிகர்கள் கொண்டாடித் தீர்த்தாங்க. முழுக்க ஆசியர்களே இருக்கும் ஒரு குழு அந்த இடத்துக்கு வர 54 வருஷம் ஆகியிருக்கு.