முணுமுணுப்புக்குக் கிடைத்த மேடை!

1998 மார்ச் 23. லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் ஷ்ரைன் அரங்கம். ‘டைட்டானிக்’ 11 ஆஸ்கர்களை அள்ளிக்கொண்டு போன அதே ராத்திரி.

வெள்ளை சூட் போட்ட ஓர் இளைஞர், கையில் கிடாரோடு தனியாக மேடைக்கு வந்தார். காதோடு ரகசியம் சொல்வதுபோல ஒரு பாட்டு. பிறகு செலின் டியானோடு கைகோத்துச் சபைக்குத் தலைவணங்கினார். விருது? செலின் பாடிய ‘டைட்டானிக்’ பாட்டுக்குத்தான்!

யார் இந்த ஆசாமி? பெயர் எலியட் ஸ்மித். ஆச்சரியம் என்ன தெரியுமா? சில வருடங்களுக்கு முன்புவரை இவர் தொண்டை கிழியக் கத்திப் பாடிக்கொண்டிருந்தவர்!

கொஞ்சம் பின்னால் போவோம். 1991-ல் கல்லூரியை முடித்தார் எலியட். தத்துவம் படித்தவருக்குக் கிடைத்தது பேக்கரி வேலை. கல்லூரி நண்பர் நீல் கஸ்ட்டும் அவரும் போர்ட்லாந்து நகரில் ‘ஹீட்மைசர்’ என்ற ராக் இசைக்குழுவை ஆரம்பித்தார்கள். பக்கத்து வாஷிங்டன் மாநிலத்திலிருந்து கிளம்பிய நிர்வாணா குழு அமெரிக்காவையே அதிரவைத்த நேரம் அது. அலறும் கிடார், இடிக்கும் டிரம்ஸ். அதற்கு நடுவே காதில் விழ வேண்டுமானால் கத்தித்தானே ஆகவேண்டும்? எலியட்டும் கத்தினார்.

நீங்களே கவனித்திருப்பீர்கள். பத்துப் பேர் நடுவே நம் குரல் தானாக உயர்ந்துவிடும். தனியாக இருக்கும்போது வாய் முணுமுணுக்கிறதே, அது வேறு குரல்!

எலியட்டின் அந்த இன்னொரு குரல் வெளிவந்த இடம், காதலி வீட்டு பேஸ்மென்ட். ஸ்டுடியோவெல்லாம் கிடையாது. நாலு தனித்தனி தடங்களில் பதியும் ஒரு சாதாரண கேசட் ரெக்கார்டர், அவ்வளவுதான். ஒரு தடத்தில் கிடார், இன்னொன்றில் குரல். அதே வரிகளை மறுபடி பாடி அதன்மேலேயே சேர்ப்பார். ஒரே ஆள் இரண்டு பேராகி நம் காதருகே உட்கார்ந்து பாடுவதுபோல இருக்கும்.

அதை ஆல்பமாகப் போடும் எண்ணமே அவருக்கு இல்லை. காதலியின் வற்புறுத்தலால்தான் ‘கேவிட்டி சர்ச்’ என்ற உள்ளூர் கம்பெனிக்குப் போனது கேசட். ஒரு பாட்டை எடுத்துக்கொண்டாலே பெரிய விஷயம் என்று நினைத்தார். அவர்களோ மொத்தத்தையும் கேட்டார்கள்! 1994-ல் வெளிவந்தது ‘ரோமன் கேண்டில்’.

அப்போதிருந்து சங்கடம்தான். ஒரு பக்கம் நண்பர்களின் குழு, மறுபக்கம் தன் பாட்டு. பெரிய கம்பெனியின் ஒப்பந்தம் கைக்கு வந்த வேளையில் குழு உடைந்தது. 1996-ல் அவர்களின் கடைசி ஆல்பம் கடைக்கு வந்தபோது, மேடையேறிப் பாடக் குழுவே இல்லை. தன் குரலைக் கண்டுபிடித்தவர் கொடுத்த விலை அது.

போர்ட்லாந்தில் வசித்த இயக்குநர் கஸ் வான் சான்ட், தன் ‘குட் வில் ஹன்டிங்’ படத்தில் எலியட்டின் பாடல்களைச் சேர்த்தார். அதில் ‘மிஸ் மிசரி’ ஆஸ்கர் போட்டிக்கே போய்விட்டது. மேடையில் பாட முதலில் மறுத்தார் எலியட். ‘நீங்கள் வராவிட்டால் வேறொருவர் பாடுவார்’ என்றார்களாம். சரி, நானே வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். பின்னாளில் செலினை யாராவது கேலி செய்தால், ‘அவர் நல்ல மனுஷி’ என்று பரிந்து பேசுவார்.

புகழ் வந்தது. நிம்மதி வரவில்லை. மனச்சோர்வும் போதையும் விடாமல் துரத்தின. 2003 அக்டோபர் 21 அன்று லாஸ் ஏஞ்சலீஸில், 34 வயதில், மார்பில் கத்திக் காயங்களோடு இறந்துபோனார். தற்கொலைதானா என்று பிரேதப் பரிசோதனையால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

அவர் பாதியில் விட்டுப்போன பாடல்கள் 2004-ல் ஆல்பமாக வந்தன. தலைப்பு, ‘ஃப்ரம் எ பேஸ்மென்ட் ஆன் த ஹில்’. குன்றின்மேல் உள்ள ஒரு பேஸ்மென்ட்டிலிருந்து...

ஆஸ்கர் வரை போன குரலுக்குக் கடைசியிலும் விலாசம் அந்த பேஸ்மென்ட்தான்!