செலினியமும் எலிகளில் புற்றுநோய்த் தடுப்புச் சோதனைகளும்

வேதிப்பொருளால் எலிகளுக்குப் புற்றுநோயை வரவழைத்து, தீவனத்தில் சேர்க்கும் செலினியம் அதைத் தடுக்கிறதா என்று பார்க்கும் சோதனைகள் 1940-களின் இறுதியில் தொடங்கின. அதற்குச் சற்று முன்பு, 1943-இல், அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் செலினியம் தின்ற எலிகளின் ஈரலில் கட்டிகளைக் கண்டதாக அறிவித்திருந்தார்கள். 1949-இல் கிளேட்டன், பாமன் இருவரும் வெளியிட்ட முடிவு இதற்கு நேர்மாறானது: அசோ சாயம் கலந்த தீவனம் தின்ற எலிகளில், செலினியமும் பெற்றவற்றுக்கு ஈரல் கட்டி குறைவாகவே வந்தது. இத்தனிமம் எலிகளின் ஈரல் அழிவைத் தடுக்கும் சத்து என்று 1957-இல் கிளாஸ் ஷ்வார்ட்ஸ் காட்டிய பிறகும், அதன் மீதிருந்த ஐயம் லேசில் அகலவில்லை.

பின்னாளில் அதிகம் கையாளப்பட்டது, சார்லஸ் ஹக்கின்ஸ் 1961-இல் விவரித்த பால்சுரப்பிக் கட்டி முறை. ஏறத்தாழ 50 நாள் வயதுள்ள ஸ்பிராக்-டாலி பெண் எலிக்கு, டி.எம்.பி.ஏ. என்ற ஹைட்ரோகார்பனை எண்ணெயில் கரைத்து, குழாய் வழியே ஒரே ஒரு முறை வயிற்றுக்குள் செலுத்துவார்கள். அதன்பின் வாரந்தோறும் எலியைக் கையில் பிடித்து, கழுத்திலிருந்து தொடையிடுக்கு வரை விரலால் தடவிப் பார்ப்பார்கள். கட்டி முதலில் தட்டுப்பட்ட நாளும் இடமும் பதிவாகும். எடை பார்ப்பதும் கட்டாயம். செலினியம் மிகுந்தால் எலி தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும். குறைந்த உணவே கட்டிகளைக் குறைத்துவிடும். எடைக் கணக்கில்லாத ஆய்வை நம்பி, செலினியம் காத்தது என்று சொல்வதற்கில்லை.

எலியின் அன்றாடத் தேவைக்குத் தீவனத்தில் பத்து லட்சத்தில் 0.1 முதல் 0.2 பங்கு போதும். கட்டிகள் குறைந்ததோ, பெரும்பாலும் 2 முதல் 5 பங்கு கொடுத்தபோது. அதைத் தாண்டினால் நஞ்சு. குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் நொதியில் செலினியம் இருப்பது 1973-இல் தெரியவந்ததும், தடுப்பாற்றலுக்குக் காரணம் அதுவே என்று பலர் கருதினர். ஆனால் சாதாரண அளவிலேயே அந்நொதி நிறைவடைந்துவிடுகிறது. கூடுதல் அளவில் கிடைத்த பலனை அதைக் கொண்டு விளக்க முடியவில்லை. பஃபலோவின் ரோஸ்வெல் பார்க் நிலையத்தில் கிளெமென்ட் இப், ஹோவர்ட் கேன்தருடன் சேர்ந்து வேறு வழியில் சென்றார். உடலுக்குள் மெத்தில் சேர்ந்த எளிய சேர்மமாக மாறும் செலினியமே கட்டியைத் தடுக்கிறது என்பது அவர்கள் முடிவு. செலினியம் ஊட்டி வளர்த்த பூண்டும், அதிலுள்ள மெத்தில்செலினோசிஸ்டீனும் எலிகளில் நன்றாகவே பலன் தந்தன.

மனிதர்களிடம் செலினியத்தைப் பெரிய அளவில் சோதித்த 'செலக்ட்' ஆய்வு 2001-இல் தொடங்கியது. 35,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் சேர்ந்தனர். செலினியம் பெற்ற பிரிவினருக்கு நாளொன்றுக்கு 200 மைக்ரோகிராம். புராஸ்டேட் புற்றுநோய் குறையாததால் 2008-இல் மாத்திரைகள் நிறுத்தப்பட்டன. பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் உடலில் செலினியம் ஏற்கெனவே போதுமான அளவில் இருந்தது. கொடுக்கப்பட்டது செலினோமெத்தியோனின்; அது மெத்தியோனினுக்குப் பதிலாக உடலின் புரதங்களுக்குள் போய்ச் சேர்ந்துவிடும் வடிவம். எலிகளைக் காத்த மெத்தில்செலினோசிஸ்டீன் அந்த ஆய்வில் இடம்பெறவே இல்லை.